குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லையா? எதை முதலில் செய்வது, எங்கே போவது

என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம் ஆனபோது அவனிடம் இருந்த சொற்கள் நான்கு: ம்மா, தா, கா, பாய். 'கா' என்றால் காக்கா, கார், கதவைத் திற, மூன்றும்தான். "ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவான்", "இவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று சொல்லாத சொந்தக்காரர் பாக்கியில்லை. அதைக் கேட்டுக் கேட்டே எட்டு மாதத்தை ஓட்டினோம். அப்புறம் பயந்துபோய், ஒரு தெரபி சென்டரில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினோம். காது டெஸ்ட் எடுத்தது அதற்கும் பிறகு. வரிசை முழுக்கத் தலைகீழ்.

நீங்களாவது நேராகப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, திருப்பூரில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிற ஒரு அம்மா. இங்கே சொல்லும் தனியார் செலவுக் கணக்கெல்லாம் நாங்கள் கொடுத்தது; உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வார்த்தை பேசுறான்?" என்பதுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் "பத்து இருக்கும்" என்றார், நான் "அஞ்சு" என்றேன். அதனால் போவதற்கு முன் ஒரு வாரம், தேதி போட்டு எழுதுங்கள். என்ன சத்தம் வந்தது, எதற்காக, விரல் நீட்டிக் காட்டுகிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, ஒரு பொருளைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் பார்க்கிறானா. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் 'நீயும் பாரு' என்று இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்வதில்தான் பேச்சே தொடங்குகிறது. வார்த்தை எண்ணிக்கைக்குச் சமமாக அதையும் டாக்டர்கள் கவனிக்கிறார்கள்.

இரண்டு நிமிட வீடியோ இரண்டு எடுத்து வையுங்கள். ஒன்று அவன் பாட்டுக்கு விளையாடுவது, இன்னொன்று பின்னாலிருந்து நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. டாக்டர் அறையில் எங்கள் பையன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு சத்தம்கூடப் போடவில்லை. வீடியோதான் பேசியது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. ஒரு வயதில் மழலைச் சத்தமோ, டாட்டா காட்டுவது, விரல் நீட்டுவது போன்ற சைகையோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதத்தில் 'அம்மா வா', 'பால் வேணும்' மாதிரி இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் போய்விடுங்கள். வந்த சொல் மறைந்துபோனால் எந்த வயதானாலும் அதே வாரம் போக வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, "பேசலைன்னாலும் எல்லாம் புரியுது அவனுக்கு." நாமும் அப்படித்தான் நம்புவோம். ஆனால் 'செருப்ப எடுத்துட்டு வா' என்று சொல்லும்போதே நம் கையும் கண்ணும் செருப்பைக் காட்டிவிடுகின்றன. கையைக் கட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி ஒரு முறை சொல்லிப் பாருங்கள். எங்கள் பையன் அசையாமல் நின்றான். இரண்டாவது, 'ஒன் டூ த்ரீ இருபது வரைக்கும் சொல்லுவான், கலர் பேரெல்லாம் சொல்லுவான்.' வீடியோவில் கேட்டதை ஒப்பிப்பது வேறு, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்பது வேறு. நோட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

2. காது டெஸ்ட், மற்ற எல்லாவற்றுக்கும் முன்

யார் என்ன சொன்னாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். "கிண்ணம் விழுந்தா திரும்பறானே, காதுல என்ன கோளாறு?" என்பார்கள். கிண்ணம் விழுவது கேட்கும் காதுக்கு 'ச', 'த' மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் எடுத்த டெஸ்ட் சரியாக இருந்தது என்பதும் போதாது, பிறகு மாறலாம்.

மூன்று டெஸ்டின் பெயர் உங்கள் காதில் விழும். ஓஏஇ என்பது காதில் சின்ன முனை வைத்துப் பார்ப்பது, சில நிமிட வேலை. டிம்பனோகிராம் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று காட்டும். பெரா டெஸ்ட் சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கக் குழந்தை தூங்கும்போது எடுப்பது, ஒரு மணி நேரம்வரை ஆகலாம்.

பெராவில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். "தூக்கத்தைக் கெடுத்துக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். காலை 5 மணிக்கே எழுப்பி, மதியம்வரை தூங்கவிடாமல் வைத்திருந்து பஸ் ஏறினோம். ஏறிய பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் எழுந்தவன் சாயங்காலம்வரை கண்ணை மூடவில்லை. அன்றைய டோக்கன் வீண், என் அரை நாள் சம்பளமும் வீண். அடுத்த முறை வழியில் தூங்காமல் பார்த்துக்கொள்ள என் தம்பியையும் கூட்டிப் போனோம். அவன் வேலை பஸ் முழுக்கக் கிச்சுகிச்சு மூட்டுவது. குடிக்கும் பால் புட்டி, வழக்கமான போர்வை இரண்டையும் எடுத்துப் போங்கள். தூக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால் ஆஸ்பத்திரியில், டாக்டர் பார்வையில் மட்டும். வீட்டிலிருந்து சளி மருந்தைக் கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிப் போகும் வேலையே வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் செலவில்லை. தனியாரில் நாங்கள் பெராவுக்கு 2,200 ரூபாயும் டிம்பனோகிராமுக்கு 600 ரூபாயும் கொடுத்தோம்.

எங்கள் முடிவு: இரண்டு காதிலும் நடுக்காதில் நீர். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது சகஜமாம். தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் அவனுக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்கிறது. செல்போனில் சத்தத்தை முழுசாக வைப்பான். அதைச் சேட்டை என்று அடிவேறு கொடுத்திருக்கிறேன். இப்போதும் அதை நினைத்தால் சோறு இறங்காது. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் தானாக வற்றும், வற்றாவிட்டால் சின்ன ஆபரேஷன் என்றார் இ.என்.டி. டாக்டர். எங்களுக்கு வற்றிவிட்டது.

நிரந்தரக் குறைபாடு என்று தெரியவந்தால் நாளைக் கடத்தாதீர்கள். காது கேட்கும் கருவி எவ்வளவு சீக்கிரம் மாட்டுகிறோமோ அவ்வளவு பேச்சு மிச்சம். காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து உட்காதில் பொருத்தும் கருவி, தேவைப்படும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. வயது வரம்பு இருப்பதால் ஒவ்வொரு மாதமும் கணக்கு.

3. அரசு மையம்: டிஇஐசி

இப்படி ஒரு இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தேசிய அளவில் 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடக்கிற மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இது. ஆஸ்பத்திரியில் டிஇஐசி என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழந்தை மருத்துவர், காது - பேச்சு நிபுணர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட் என்று பலரும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதுதான் இதன் நல்ல விஷயம். எல்லாம் இலவசம். அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு சீட்டு எழுதி அனுப்பலாம். நாங்கள் சீட்டு இல்லாமல் நேராகத்தான் போனோம்.

எடுத்துப் போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், அப்பா அம்மா ஆதார், தடுப்பூசி விவரம் உள்ள தாய் சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ். டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் நிறையப் பேர் மறந்துவிட்டு வருகிறார்கள். பிறந்ததும் அழுதானா, எடை என்ன, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா என்று கேட்பார்கள், அதில்தான் இருக்கிறது. குழந்தைக்கு ஆதார் இல்லையென்றால் இப்போதே எடுங்கள்; 5 வயதுக்குக் கீழே கைரேகை எடுக்க மாட்டார்கள், பிறப்புச் சான்றிதழும் பெற்றவர் ஒருவரின் ஆதாரும் போதும்.

முதல் நாள் அரை நாள் போய்விடும். காலையிலேயே போய்விடுங்கள். அதன் பிறகு எத்தனை நாளுக்கு ஒரு முறை பயிற்சிக்கு வரச் சொல்வார்கள் என்பது கூட்டத்தைப் பொறுத்தது.

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தையும் விசாரிக்கலாம். சிறு குழந்தைகளுக்கான தனி மையம் அங்கே 2021-லிருந்து இருக்கிறது.

4. தனியார் தெரபிஸ்ட் என்றால்

இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்.சி.ஐ. நம்பர் என்றால் புரியும். கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம்.

எங்கள் ஊரில் 45 நிமிடத்துக்கு 500 ரூபாய். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் மாதம் 4,000. மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பதில்தான் நாங்கள் விழுந்தோம். அந்த இடத்தில் பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள்; கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே படம் ஒட்டிய அட்டையைக் காட்டி 'ஆப்பிள் சொல்லு, ஆப்பிள் சொல்லு.' காது டெஸ்ட் எடுத்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. பாதியில் நிறுத்தினோம், மீதிப் பணம் வரவில்லை.

பிறகு கிடைத்த தெரபிஸ்ட் முதல் நாளே என்னையும் தரையில் உட்காரவைத்தார். "அவனுக்கு நான் சொல்லித்தர்றது கொஞ்சம், உங்களுக்குத்தான் சொல்லித்தரணும்" என்றார். வாரத்துக்கு ஒரு முறை போதும், வீட்டில் செய்யுங்கள் என்று செலவையும் பாதியாக்கினார். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள்.

5. வீட்டில்

வாரத்துக்கு இரண்டு தெரபி என்றால் ஒன்றரை மணி நேரம். குழந்தை விழித்திருப்பது ஒரு நாளைக்குச் சுமார் 12 மணி, வாரத்துக்கு 84 மணி. மீதி எண்பத்து இரண்டரை மணி நேரம் யாரிடம் இருக்கிறான் என்பதுதான் கேள்வி.

'வீடியோவிலும் பேச்சுதானே வருது, நாள் முழுக்கக் கேட்கிறானே' என்று நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் சியாட்டில் ஊரில் பட்ரீஷியா கூல் குழுவினர் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டு 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசும் ஆட்கள் 12 தடவை உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்களை டிவியில் மட்டும் காட்டினார்கள். நேரில் பழகிய குழந்தைகளுக்கு மாண்டரின் ஒலி பிடிபட்டது. டிவியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆளும் பேச்சும் ஒன்றுதான், எதிரில் உட்கார்ந்து பதிலுக்குப் பதில் கொடுக்கும் ஆள் மட்டும் இல்லை.

திரையே விஷம் என்று இதற்கு அர்த்தமில்லை. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில் இரண்டு வயதுக் குழந்தைகள் வீடியோ காலில் புதுச் சொல்லைக் கற்றார்கள், பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. துபாயில் இருக்கும் அப்பா தினமும் கால் போட்டுப் பேசினால் அது கணக்கில் சேரும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும் வீடியோ காலைத் தவிர 2 வயதுவரை திரை வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது.

எங்கள் வீட்டில் முதலில் போனது சாப்பாட்டு நேரச் செல்போன். ஒன்பது நாள் அரைகுறையாகச் சாப்பிட்டான், பத்தாவது நாள் பழகிவிட்டான். அந்த ஒன்பது நாளில் யாராவது 'பாவம், குடுத்துடு' என்பார்கள். குடுக்காதீர்கள்.

எதைச் செய்வது என்று தெரபிஸ்ட் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது மூன்றுதான். முகத்துக்கு நேராக இறங்கி உட்காருவது. அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுவது, நமக்கு வேண்டியதைப் பற்றி அல்ல. பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணும்வரை காத்திருப்பது. மூன்றாவது ரொம்பக் கஷ்டம். நமக்கு நான்கிலேயே பதில் வாயில் வந்துவிடும்.

காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது எங்கள் அம்மாயி, அதாவது பாட்டி. உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, அப்புறம் நண்டு ஊருது நரி ஊருது என்று இரண்டு விரலால் கை மேல் ஏறிக் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுவோமே, அந்த விளையாட்டு. நான் விளையாடினால் ஒரே ஓட்டமாக முடித்துவிடுவேன். அம்மாயி முழங்கையில் வந்ததும் விரலை நிறுத்திவிடும். ஒன்றும் பேசாது, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவன் சிரிப்பை அடக்கி, உடம்பை நெளித்து, அம்மாயி விரலைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி விரலைப் பார்த்து... மூன்றாம் நாளோ நான்காம் நாளோ "ஊது!" என்றான். "ஊருது சாமி, ஊருது!" என்று சொல்லிக்கொண்டே விரல் கக்கத்துக்கு ஓடியது. இடைவெளி விட்டது அம்மாயி, அதை நிரப்பியது அவன். எந்த அட்டையிலும் இது இல்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் அந்த நிறுத்தத்தை வைத்தேன். மொச்சை உரிக்கும்போது "உனக்கு ஒண்ணு... எனக்கு..." என்று நிறுத்துவது. குளிக்கும்போது சொம்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிறுத்துவது. பிஸ்கட் டப்பாவை மூடியோடு கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. கேட்பதற்கு முன்பே எல்லாம் கைக்கு வந்துவிட்டால் அவனுக்கு வாயைத் திறக்க என்ன அவசியம்? அவன் 'பந்து' என்றால் நான் 'பெரிய பந்து' என்று ஒரு சொல் மட்டும் சேர்த்துச் சொல்வேன். 'சரியாச் சொல்லு' என்று திருத்துவதில்லை. 'இது என்ன, அது என்ன' என்று பரீட்சை வைப்பதையும் நிறுத்தினேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் அதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது, அது தனிப் போராட்டம்.

இன்னொரு பொறி: "தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் பேசினா குழம்பிப்போவான், ஸ்கூலுக்கு ஆகும், இங்கிலீஷ்லயே பேசுங்க." இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ, கோபிக்க வருமோ, அதிலேயே பேசுங்கள்.

6. அங்கன்வாடியில் விடுங்கள்

வீட்டில் அவன் 'கா' என்றால் எனக்குப் புரியும். அங்கன்வாடியில் எவனுக்கும் புரியாது. இதுதான் காரணம். புரியாதவர்களுக்குப் புரியவைக்கத்தான் குழந்தை மெனக்கெடுகிறது. எங்கள் பையன் முதல் மாதம் கற்று வந்த சொற்கள் 'தள்ளு', 'என்து', 'மிஸ் இவன்'. மூன்றும் சண்டையில் கற்றவை. எனக்குச் சந்தோஷம்தான்.

இரண்டு வயது முடிந்தால் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், தாய் சேய் நல அட்டை எடுத்துப் போங்கள். கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. ஜூன் வரை காத்திருக்காதீர்கள், எங்களை நவம்பரில் சேர்த்துக்கொண்டார்கள். காதுப் பிரச்சினை இருந்தால் டீச்சரிடம் சொல்லி முன்னால் உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

பிளே ஸ்கூல் என்றால் பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நாங்கள் பார்த்த ஓரிடத்தில் வருடத்துக்கு 35,000 ரூபாய், ஏசி, சுவரெல்லாம் படம். உள்ளே இருபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

7. அட்டையும் காப்பீடும்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

பேச்சு வெறுமனே தாமதம் என்றால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஓட வேண்டியதில்லை. டாக்டர் ஆட்டிசம், நிரந்தரக் காதுக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தால் விண்ணப்பியுங்கள், வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். யுடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டைக்கு மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, கைரேகை அல்லது கையெழுத்துப் படம் தேவை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 'முடிச்சுத் தர்றேன், ரெண்டாயிரம் குடுங்க' என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். குழப்பமிருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். சின்னக் குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழாகக் கொடுப்பார்கள், முடியும் தேதியைக் குறித்து வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரபிச் செலவையும் சேர்த்துத் தருகிறது. ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். பேச்சுத் தாமதத்துக்கு இல்லை. அதற்கு விண்ணப்பித்து நான் ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

எந்த வழியில் போனாலும் மறு மதிப்பீட்டுத் தேதியை டாக்டரிடமே கேட்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சளி பிடித்து வாரக்கணக்கில் விடாவிட்டால் தேதி வரும்வரை காத்திராமல் டிம்பனோகிராம் இன்னொரு முறை எடுங்கள். போகும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும். எங்கள் டாக்டர் ரிப்போர்ட் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்பது அதைத்தான்.